முழுக் கால் போனால்தான் லாபம்

வாகனக் காப்பீட்டின் தாராளத்தை யாரும் போதிய அளவு புகழ்வதில்லை. காருக்கு 2 லட்சம், பைக்குக்கு 1 லட்சம் என்றிருந்த உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பு, 2018-இல் ஒரே தாவாக 15 லட்சமானது. 2019 முதல் ஒருவருக்கு நாலு வண்டி இருந்தாலும் ஒரு காப்பு போதும். உயிர் ஒன்றுதான் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

செத்தால் முழுத் தொகை. இரண்டு காலும் போனாலும் முழுத் தொகை. ஒரு கால் போனால் பாதி. தராசு பிடித்த மாதிரி என்ன நேர்மை! கால் முறிந்து ஒட்டிக்கொண்டால் மட்டும் மாவுக்கட்டுச் செலவு நம்முடையது. சரிதானே, அரைகுறை வேலைக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

எங்கள் வீட்டில் மூன்று வண்டி. மனைவி பெயரில் உள்ள காரை நான் ஓட்டுகிறேன். அவளுக்கு லைசென்ஸே இல்லை. அப்பா பெயரில் உள்ள ஸ்கூட்டரில் பையன் பறக்கிறான். காப்போ உரிமையாளர் ஓட்டினால்தான். என் பெயரில் இருப்பது புல்லட். பேட்டரி செத்து, பழைய வேட்டி போர்த்தி, மூன்று வருடமாக மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது.

15 லட்சக் காப்பையும் அதற்குத்தான் எடுத்திருக்கிறேன். இதுவரை ஒரு கீறல் இல்லை.