வாங்கிக் கட்டிக்கொள்ளும் வாத்தியார்!

கேள்வி: வாள்வீச்சில் யூதப் பெண்கள் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தார்களாமே?

பதில்: அதுவும் ஹிட்லரின் கண்ணெதிரிலேயே! 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பெண்கள் ஃபாயில் பிரிவில் தங்கம் ஹங்கேரியின் இலோனா எலெக்குக்கு, வெள்ளி ஜெர்மனியின் ஹெலெனே மயருக்கு, வெண்கலம் ஆஸ்திரியாவின் எலன் பிரைஸுக்கு. மூவருமே யூதப் பின்னணி கொண்டவர்கள் என்று சொல்வதுண்டு.

இதற்குப் பின்னால் ஒரு பழைய காயம் உண்டு. ஆஸ்திரிய மாணவர் சங்கங்கள் 1896-ல் வைட்ஹோஃபன் என்ற ஊரில் ஒரு தீர்மானம் போட்டன: யூதர்களுக்கு மானம் கிடையாது, அதனால் அவர்களோடு வாள் பிடித்து ஒற்றைக்கு ஒற்றை மோத வேண்டியதில்லை! யூத மாணவர்களின் வாள் திறமைக்குக் கிடைத்த மறைமுகச் சான்றிதழ் என்றும் இதைச் சொல்லலாம்.

கேள்வி: சிங்கப்பூர் சைனாடவுனில் இருந்துகொண்டு யூதர்களைப் பற்றி எதற்கு இவ்வளவு அக்கறை?

பதில்: சைனாடவுனிலிருந்து போட் கீ பக்கம் பொடிநடையாகப் போனால் ‘சினகாக் ஸ்ட்ரீட்’ என்ற பெயர்ப்பலகை தென்படும். சிங்கப்பூர் யூதர்களின் முதல் வழிபாட்டுத் தலம் 1841-ல் அந்தப் பகுதிக் கடைவீடு ஒன்றில்தான் தொடங்கியது. 1955-ல் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷலும் யூதர்தான். அவர் வாள் பிடிக்கவில்லை. பேர்போன வக்கீல், வாயே போதுமானதாக இருந்தது.

கேள்வி: பதக்கம் வென்ற பிறகு பயிற்சியாளரானவர்களில் யாரைச் சொல்வீர்கள்?

பதில்: ஹங்கேரியின் இல்டிகோ ரெய்தோ. 1937-ல் புடாபெஸ்டில் பிறந்த யூதப் பெண். பிறவியிலேயே காது கேட்காது. சொல்ல வேண்டியதைப் பயிற்சியாளர்கள் காகிதத்தில் எழுதிக் காட்டினார்கள். 1963-ல் உலகச் சாம்பியன். 1964 டோக்கியோவில் தனிநபர் தங்கம், குழுத் தங்கம் இரண்டும் அவருக்கே. 1960 முதல் 1976 வரை ஐந்து ஒலிம்பிக், ஏழு பதக்கம்.

பிறகு கற்றுக்கொடுக்க வந்தார். அதற்காக வாளைப் பரணில் போட்டுவிடவில்லை. 1999-ல், அறுபதைத் தாண்டிய வயதில், மூத்தோர் உலகப் போட்டியிலும் தங்கம். பேரப்பிள்ளைக்கு ஸ்வெட்டர் பின்னும் வயது என்று அவரிடம் சொல்ல யாருக்கும் துணிச்சல் வந்திருக்காது!

கேள்வி: காது கேட்காமல் இந்த விளையாட்டைக் கற்பதும் கற்பிப்பதும் எப்படி? பயிற்சியாளர் ஓரமாக நின்று கத்துவதுதானே வழக்கம்?

பதில்: கத்துவது போட்டியன்று. பாடம் நடப்பது வேறு மாதிரி. பயிற்சியாளர் தடித்த தோல் அங்கி மாட்டிக்கொண்டு மாணவிக்கு எதிரே நிற்பார். வேண்டுமென்றே கையை ஒரு விரற்கடை விலக்கி நெஞ்சைத் திறந்து காட்டுவார். மாணவி அந்த நொடியைப் பிடித்துக் குத்த வேண்டும். சரியாகக் குத்தினால் வாள் வில்லாக வளையும். உடனே அடுத்தது. இரு வாள்களும் உரசும்போது எதிராளி அழுத்துகிறாரா, நழுவுகிறாரா என்பதை விரல்தான் முதலில் உணரும். காதுக்கு அங்கே பெரிய வேலையில்லை. ஒரே பாடத்தில் நூறு முறை குத்து வாங்கியும் சிரித்த முகத்தோடு சம்பளம் பெறும் வாத்தியார் வேறு எந்தப் பள்ளியில் இருக்கிறார்?

கேள்வி: நன்றாக விளையாடியவர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்பதற்கு உத்தரவாதம் உண்டா?

பதில்: கிடையாது. ஆனால் சிலருக்கு அமைந்துவிடுகிறது. மேலே சொன்ன எலன் பிரைஸ், வியன்னாவில் நாடக மாணவர்களுக்கு உடலசைவு கற்றுக்கொடுத்தார். மேடையில் நடிகர்கள் ஒருவரையொருவர் கொல்லாமல் கொல்வதற்கும் வழிகாட்டினார். நம்மூர் வாள்வீராங்கனை அமிதா பெர்தியேவைப் பயிற்றுவித்த ரால்ஃப் பிஸ்டோர்ஃப், 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ஜெர்மானியர். 2021 ஏப்ரலில் தாஷ்கெண்டில் நடந்த தகுதிப் போட்டியில் வென்று அந்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்குக்கு டிக்கெட் வாங்கினார் அமிதா.

கேள்வி: தமிழ்நாட்டுப் பெண்ணை விட்டுவிட்டீர்களே!

பதில்: விடுவோமா? சென்னை வண்ணாரப்பேட்டை பவானி தேவி, ஒலிம்பிக்கில் வாள் வீசிய முதல் இந்தியர். பள்ளியில் பயிற்சி தொடங்கியது மூங்கில் குச்சியில். தலச்சேரியில் சாகர் லாகு, இத்தாலியில் நிக்கோலா சனோத்தி என்று பயிற்சியாளர்கள் வாய்த்தார்கள். டோக்கியோ முதல் சுற்றில் துனிசியாவின் நாடியா பென் அசீசியை 15-3 என்று வீழ்த்தினார். அடுத்த சுற்றில் பிரான்சின் மனோன் புரூனேவிடம் 7-15. 2023-ல் ஆசியச் சாம்பியன்ஷிப் வெண்கலம்.

கேள்வி: மேக்ஸ்வெல் உணவங்காடியில் சாத்தே சாப்பிட்டதும் என் மகள் குச்சியை எடுத்துத் தம்பியைக் குத்துகிறாள். எந்தப் பிரிவில் சேர்க்கலாம்?

பதில்: வயிறு, நெஞ்சு, முதுகில் மட்டும் குத்தினால் ஃபாயில். கால் கட்டைவிரலையும் விட்டுவைக்காவிட்டால் எபே. குத்துவதோடு நில்லாமல் தலையிலும் தோளிலும் விளாசினால் சேபர். மகளைப் பற்றி முடிவாகிவிட்டது. பொறுமையாக எல்லாக் குத்தையும் வாங்கிக்கொள்ளும் தம்பியைப் பயிற்சியாளர் படிப்புக்கு அனுப்புங்கள்.