ஜட்ஜுக்கும் ஒரு ஓட்டு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"அங்கே ஜட்ஜையே ஜனங்கள் ஓட்டுப் போட்டு எடுக்கிறார்களாமே, நிஜமா?" என்று போனில் கேட்டீர்கள். நிஜம்தான். வரப்புக் கேஸில் வாய்தா மேல் வாய்தாவாக அலையும் உங்கள் குரலில் ஒரு நப்பாசை தெரிந்தது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

இந்த லாஸ் ஏஞ்சலஸில் ஓட்டுச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். கவர்னரில் ஆரம்பித்து இறங்கிக்கொண்டே போனால் கவுண்டி ஜட்ஜுகள். ஆறு வருஷப் பதவி. எதிர்த்து யாரும் நிற்காவிட்டால் அந்த ஜட்ஜின் பெயரை அச்சடிப்பதுகூட இல்லை, தானாக ஜெயித்துவிடுவார். கட்சிப் பெயர் போடக் கூடாது. நம் பஞ்சாயத்து பிரசிடென்ட் தேர்தலிலும் கட்சி கிடையாது. ஆனால் பூட்டு சாவிச் சின்னமாவது உண்டே! நிற்பவரின் மாமனார் யார், யாருக்குப் பூண்டுக் காசு பாக்கி என்பதுவரை நமக்குத் தெரியும்.

இங்கே தெரிவது பெயர், அதன் கீழே தொழில். அதுவும் பெரும்பாலும் மூன்று சொல்லுக்குள்! கலிபோர்னியா ஊர்ப்பெயர் எவ்வளவு நீளமானாலும் ஒரே சொல்லாகக் கணக்கு என்று ஒரு சலுகை வேறு. அரசு வக்கீல்கள் முன்பு 'கும்பல் கொலை வழக்கறிஞர்' என்கிற பாணியில் பயங்கரமாகப் போட்டுக்கொள்வார்கள். உள்ள பதவியைத்தான் போடணும் என்று 2017-ல் சட்டம் கொண்டுவந்து அடக்கினார்கள்.

ராத்திரி எல்லாம் எனக்கு இதே யோசனை. நீங்கள் நின்றால் 'பூண்டு விவசாயி, வழக்காளி'. சரியாக மூன்று. சித்திக்கு 'வழக்காளியின் மனைவி, பாவம்'. எனக்கு 'கம்ப்யூட்டர்' என்ற ஒரே சொல்லில் முடிந்துவிட்டது. மீதி இரண்டுக்கு ஆயுசில் சரக்கில்லை. (பத்து வருஷம் வக்கீலாக இருந்தவர்தான் நிற்க முடியும். கிளம்பிவிடாதீர்கள்.)

2006-ல் இங்கே ஒரு கூத்து நடந்தது. டிஸின்ட்ரா ஜானவ்ஸ் என்ற அம்மாள், இருபது வருஷம் ஜட்ஜாக இருந்தவர். தேர்தலில் நிற்பவர்களுக்கு இங்கே வக்கீல் சங்கம் மார்க் போடும்; அதில் இவருக்கு முதல் தரம். எதிர்த்து நின்ற லின் ஆல்சன் வக்கீலுக்குப் படித்தவர்தான்; ஆனால் பேகல் கடை நடத்திக்கொண்டிருந்தார். பேகல் என்றால் உளுந்த வடையை மைதாவில் செய்த மாதிரி ஒரு ரொட்டி. அவருக்குச் சங்கம் 'தகுதியில்லை' என்றது. ஜெயித்தது பேகல்! வாயில் நுழையாத பெயர்தான் அந்த அம்மாளைக் கவிழ்த்தது என்று எல்லாரும் பேசினார்கள். கவர்னர் அவரை மறுபடி ஜட்ஜாக நியமித்தார். அந்தக் கவர்னர் யார் தெரியுமா? அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர். அந்தப் பெயர் மட்டும் எந்த வாயில் நுழைந்ததோ!

இந்த ஊரில் வெற்றிவேலப்பன் என்கிற நான் நின்றால் டெபாசிட் தேறாது. காபிக் கடையிலேயே கப்பில் 'வி' என்று எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள். நான் வக்கீல் சங்கத்து மார்க்கைப் பார்த்துத்தான் குறிபோடுகிறேன், முகம் தெரியாதவர்களுக்கு. நம் ஊர் வில்பட்டியில் நிற்பவர்கள் எல்லாரும் தெரிந்த முகம். ஆனால் பாஸ்போர்ட் மாறியதோடு அங்கே என் ஓட்டு போயிற்று. தேர்தல் நாளில் நீங்கள் எல்லாரும் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் போட்டோவை அனுப்பாதீர்கள்.

உங்கள் நப்பாசைக்கு வருகிறேன். வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பங்காளிகள் எத்தனை பேர், நமக்கு எத்தனை பேர்? ஜட்ஜுக்கு ஓட்டு வைத்தால் அன்றைக்கே வரப்பு போய்விடும். பரீட்சை எழுதி வந்த ஜட்ஜே நமக்கு நல்லது. அடுத்த வாய்தாவுக்குச் சித்தியையும் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போனால் குமாஸ்தாவிடம் சண்டை போடுவீர்கள்.

அன்புடன்,
வேலு