சட்டையக் கயட்டு, நைனா

வா நைனா, குந்து. கத்திரி வெயில்ல எண்ணூர் ரோட்டுத் தாரே இளகுது. நீ இன்னாடான்னா உள்ள ஒரு பனியன், அதுக்கு மேல இன்னொரு பனியன், அதுக்கும் மேல சட்டைன்னு வந்து நிக்கிறே. குளுருதா? இல்ல, மார்ல எதையாவது கடத்தினு போறியா? ஹார்பர் கேட்டுல இன்னும் உன்னைத் தடவிப் பாக்கலியா?

மொறைக்காதே. எனக்குத் தெரியும். நான் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரில வார்டு ஆயாவா இருந்தவ. ஸ்டான்லின்னு சொன்னாதான் உங்களுக்கெல்லாம் மரியாதை. முறுக்குமீசை வெச்சவனையும் சட்டையக் கயட்ட வெச்சு ஈரத்துணியால தொடைச்சு உட்ட கை இது. ஆம்பள மாரு எத்தினி தினுசுன்னு என்னாண்ட கேளு. உன்னுது ஒண்ணும் ஒலக அதிசயம் இல்ல.

பொறந்த கொயந்தைலேந்து வர்றேன் கேளு. ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரில ஆம்பளப் புள்ள பொறந்த கொஞ்ச நாள்ல மார் வீங்கும், சொட்டுப் பால்கூட வரும். ஆத்தா ஒடம்பு ஹார்மோன் கொயந்தைல மிச்சம் நிக்கிது, அவ்ளோதான். தானா வத்திடும். நம்ம கெயவிங்க உடுவாளுங்களா? எண்ணெயத் தடவி பிதுக்கோ பிதுக்குன்னு பிதுக்கி, சீழ் வெச்சு அலறுற கொயந்தைய இட்டுனு வருவாளுங்க. டாக்டரம்மா உடற டோஸ்ல அவளுங்க மூஞ்சி போறதைப் பாக்கணுமே! அப்பால 13, 14 வயசுல இன்னொரு ரவுண்டு. காம்புக்கு அடியில கெட்டியா ஒரு வட்டம், பட்டா சுள்ளுனு வலிக்கும். பாதிக்கு மேல பசங்களுக்கு வர்றதுதான். 6 மாசம், மிஞ்சினா 2 வருசம், பெரும்பாலும் போயிடும். பொறவு 50 தாண்டினவனுக்கு வரும். நீ முப்பதுல வந்து நிக்கிறே. அதான் கேக்கறேன், இன்னாடா துன்னே?

ஆம்பள ஒடம்புலயும் பொம்பள ஹார்மோன் கொஞ்சம் ஓடினுதான் கீது. ஆம்பளைது கொறைஞ்சாலோ, பொம்பளைது ஏறினாலோ மாருல சொரப்பி தடிக்கும். அந்தக் கணக்குல நீ கைய வெச்சியா இல்லியா?

சார்பட்டா குத்துச்சண்டைப் படம் வந்த வருசம், 2021, இங்க இருந்த பொடிப்பசங்கல்லாம் மாரைத் தூக்கினு நடந்தானுங்க. நீயும் ஜிம்முல சேந்தே. தண்டால் எடுத்தா லேட்டாவும்னு எவனோ சொன்னான்னு ஊசி போட்டுக்கினே. அது ஆம்பள ஹார்மோன்தான், பொய்யில்ல. ஆனா அளவுக்கு மேல ஊத்தினா ஒடம்பு அதைப் பொம்பள ஹார்மோனா மாத்திடும். வெளிச்சரக்கு லோடு லோடா எறங்கினா உள்ளூர் ஃபேக்டரி இன்னா பண்ணும்? லாக்அவுட். நீ ஊசிய நிறுத்தின அன்னிக்கே கேட் தொறக்காது, மாசக்கணக்கா இஸ்துக்கும். ஃபேக்டரி எங்க கீதுன்னு நான் சொல்லணுமா? அதுவும் சுருங்கிப்பூடும் ராசா. மாரு பெருத்ததுக்கு மட்டும் கவலைப்படாதே.

ஊசி போடலியா? சத்தியமா? சரி, குவார்ட்டரு? கல்லீரல் கெட்டாலும் இந்தக் கணக்கு கவுந்துடும். சொட்டை உழுந்துச்சுன்னு ஃபினாஸ்டரைடு முழுங்கறியா? அதுவும் சில பேருக்கு இதைக் கொண்டாரும். மேல முடி வரணும்னு போட்டா கீய மாரு வந்து நிக்கும். வயித்துல நீர் கோத்தவனுக்குக் குடுக்கிற ஸ்பைரனோலாக்டோன், இன்னும் சில இருதய மாத்திரை, பூஞ்சை மாத்திரை, எல்லாத்துலயும் இது உண்டு. தைராய்டு, கிட்னி கோளாறுலயும் வரும். பட்டினில வதங்கின போர்க் கைதிங்களுக்கு வுடுதலையாவி நல்ல சோறு துன்ன ஆரம்பிச்சதும் மாரு வந்துச்சுன்னு எங்க டாக்டரு சொல்வாரு. சில பேருக்கு எத்தினி டெஸ்ட் எடுத்தாலும் காரணமே அம்புடாது. உனக்கு வெறும் கொழுப்பாக்கூட இருக்கலாம். மொறைக்காதே, ஒடம்புக் கொழுப்பச் சொன்னேன்.

ஆனா நான் உன்னைக் கூப்ட்டது அதுக்கில்ல. உன் பொஞ்சாதி விசயம்.

அந்தப் பொண்ணு நேத்து தண்ணி லாரியாண்ட குடத்தை வெச்சுட்டு என்னாண்ட அயுவுது. கல்யாணத்துக்குக் கெளம்பறப்போ, "என் ஜாக்கெட்டு உனக்குப் பத்தும்போல கீதே"ன்னு சொல்லிட்டாளாம். அதுலேந்து நீ பேசறதில்லியாம். லைட்டை அணைச்சாதான் சட்டையக் கயட்டறியாம். எண்ணூர் பீச்சுல எல்லாரும் குளிக்க, நீ மட்டும் பட்டன் போட்டுக்கினே அலையில நின்னியாம். சரி, ரோசம்னு உட்டா, பீரோவுக்குப் பின்னாடி ஒரு டப்பா அம்புட்டுச்சாம். பிரிச்சுப் பாத்தா இறுக்கமா, வெலாவுல எலாஸ்டிக் வெச்சு, முன்னாடி கொக்கி போட்ட உருப்படி ஒண்ணு. பக்கத்துல வாசனை எண்ணெய் ஒரு பாட்டிலு. இன்னா நெனப்பா? எவளுக்கோ வாங்கி ஒளிச்சு வெச்சுக்கீறேன்னு நெனச்சுட்டா! அளவு வேற பெருசா இருக்க, யாரு அந்த மலைமாடுன்னு தெருத்தெருவா கண்ணால தேடினு கீறா. மூணாவது வீட்டு மேரிய ஒரு வாரமா மொறைக்கிறாளாம். பாவம் மேரி.

நான் சிரிச்ச சிரிப்புல இடுப்பு புடிச்சுக்கிச்சு. அவளையும் உடல, நல்லா டோஸ் உட்டேன். கட்டினவனை அந்த எடத்துல கைய வெச்சா கிண்டல் பண்றது, அதுவும் கல்யாணத்துக்குக் கெளம்பற நேரத்துல? அவ சொன்னா, "ஆயா, எனக்கு அது ஒரு விசயமாவே தெரியல, அதான் வாய்ல வந்துடுச்சு." கேட்டுக்கினியா? அவளுக்கு விசயமாவே தெரியல. நீ அதை டப்பால போட்டு, பீரோவுக்குப் பின்னாடி வெச்சு, பெரிய விசயமாக்கிட்டே.

திருவொத்தியூர்க்காரன் நீ, சங்கிலி நாச்சியார் கதை தெரியாதா? சங்கிலியக் கட்டிக்கணும்னா, உன்னைப் பிரியமாட்டேன்னு சுந்தரர் கோயில்ல சத்தியம் பண்ணணும். மனுசன் பெரிய டகுலு. சாமியாண்ட தனியா போய், "நான் சத்தியம் பண்றப்போ நீ கருவறைல இருக்காதே, மகிழமரத்தடில போய் இரு"ன்னு செட்டப் பண்ணிட்டாரு. சாமி சரின்னுட்டு, நேரா பொண்ணு கனவுல போய்ப் போட்டுக் குடுத்துடுச்சு. பொண்ணோட தோழிங்க, "உள்ள வேணாம், மரத்தடில பண்ணு"ன்னுட்டாங்க. இன்னிக்கும் மாசி மாசம் மகிழடி சேவைன்னு இதை நடத்தறோம். பொஞ்சாதியாண்ட ஒளிக்கிற விசயத்துல சுந்தரரை அவரு ஃப்ரெண்டான சாமியே கைவுட்டுட்டாரு. உனக்கு பீரோ காப்பாத்துமா?

இன்னிக்கு ராத்திரி லைட்டைப் போட்டுட்டு சட்டையக் கயட்டு. "இதான் கீது, கூச்சமா கீது"ன்னு சொல்லு. அப்பால மேரியாண்ட அவளை மன்னிப்புக் கேக்க வுடு.

திங்கக்கெயம ரெண்டு பேருமா ஸ்டான்லி ஓ.பி.க்குப் போங்க. மெஷின்ல கை போன ஃபேக்டரி ஆளுங்களுக்கு வெங்கடசாமி டாக்டரு ஆரம்பிச்சுப் பேர் வாங்கின பிளாஸ்டிக் சர்ஜரி அங்கதான் கீது. 2018-ல மாரு ஆபரேசனுக்குன்னே இலவச கிளினிக்கும் தொறந்தாங்க. அழகு சிகிச்சை ஏழைக்கு ஏன் கூடாதுன்னு அப்போ சுகாதார மந்திரியா இருந்த விஜயபாஸ்கர் கேட்டாரு. நல்ல கேள்விதான். கேட்ட உடனே கத்தி எடுக்கமாட்டாங்க. அமுக்கிப் பாப்பாங்க, கீய ஃபேக்டரியையும் பாப்பாங்க, அங்க கட்டி இருந்தாலும் மாருல வரும். கூச்சப்படாதே. வந்து கொஞ்ச நாள்தான்னா காரணத்தை நிறுத்தினாலே வத்தலாம், சில பேருக்கு மாத்திரை குடுப்பாங்க. வருசம் தாண்டி இறுகிப்போச்சுன்னா ஆபரேசன்தான், காம்பு ஓரமா பிறை மாதிரி கீறி சொரப்பிய எடுப்பாங்க. 7-ஆம் நூற்றாண்டுலயே பால்னு ஒரு கிரேக்க வைத்தியரு இதை எழுதி வெச்சுட்டாரு. அப்பயும் எவனோ ரெண்டு சட்டை போட்டுத் திரிஞ்சிருக்கான்.

ஒண்ணே ஒண்ணு வெளையாட்டில்லாம சொல்றேன். ஒரு பக்கம் மட்டும் கல்லுமாதிரி கெட்டியா, வலியே இல்லாம, காம்பு உள்ள இஸ்துனு, ரத்தம் கசிஞ்சா திங்கக்கெயம வரைக்கும் காக்காதே. மாருல வர்ற புத்துநோய் 100-ல சுமாரா ஒண்ணு ஆம்பளைக்கு வர்றதுதான். பனியனை இறுக்கி அதை அமுக்கி வெச்சவனை நான் வார்டுல பாத்துக்கீறேன்.

டாக்டரு "இன்னா மருந்து எடுக்கறே"ன்னு கேட்டா, முழிக்காதே, "சத்து மாத்திரை சார்"னு உடான்ஸ் உடாதே. ஊசி, பவுடரு, முடி மாத்திரை எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பைல போட்டு எடுத்தும்போய் டேபிள் மேல கொட்டு. பை உன் பொஞ்சாதி கைல இருக்கட்டும், நடுவழில நீ எதையும் தூக்கிப் போட்டுடுவே.

அந்த வாசனை எண்ணெய் பாட்டில மட்டும் இங்க குடுத்துடு. எத்தினி ரூபா குடுத்து வாங்கினே? அடப்பாவி! சரி வெச்சுட்டுப் போ, என் முட்டிக்காவது ஆவுதான்னு பாக்கறேன்.