விளக்கெண்ணெய் வயித்துக்கு மேலதாண்டி!

ஏண்டி கண்ணு, டாக்டரம்மா சீட்டுல எழுதுன தேதி நேத்தோட போச்சுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்க? மேட்டூர் அணைக்கும்தான் ஜூன் 12-ன்னு தேதி வச்சிருக்கான். எல்லா வருஷமும் அன்னிக்கா தொறக்குறான்? குறிச்ச நாள்ல பொறக்குற புள்ள நூத்துக்கு நாலோ அஞ்சோதானாம். ஒன் அப்பன் பத்து நாள் கழிச்சுத்தான் பொறந்தான். இன்னிக்கு வரைக்கும் எங்கயும் நேரத்துக்குப் போனதில்ல.

எதுத்த வீட்டுக்காரி அன்னாசிங்கிறா, கோடி வீட்டுக்காரி பப்பாளிங்கிறா, ஒன் சித்தி போன்லயே மொளகாச் சட்னி அரைக்கிறா. எல்லாத்தையும் தின்னா கொல்லைக்கு ஓடுவ. புள்ள வராது.

ஆனா விளக்கெண்ணெய் குடிக்கவான்னு கேட்ட பாரு, அந்த யோசனையச் சொன்ன மகராசி யாருடி? திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில குடுக்குற எண்ணெய் அடிவயித்துல தடவிக்கத்தான். திங்கிறது நெய்யி, அதுவும் புள்ள வரம் கேட்டு வர்றவங்களுக்கு. அம்பாளே வெளிய தடவுங்கிறா, நீ உள்ள ஊத்துறேங்கிற! வீரியம் இல்லேன்னு நான் சொல்லல. ஜெர்மனிக்காரங்க 2012-ல எலிய வச்சுப் பாத்தாங்களாம். எண்ணெயில இருக்குற ரிசினோலிக் அமிலம் கருப்பையையும் முறுக்குது, குடலையும் முறுக்குது. வாந்தியும் பேதியுமா நீ சுருண்டு கெடக்குறப்ப வலியும் வந்தா, முக்குறதுக்குத் தெம்பு யாரு குடுப்பா?

பேரீச்சம்பழம் தின்னு, வேணாங்கல. கடைசி நாலு வாரம் நாளைக்கு ஆறு பழம் தின்ன பொண்ணுங்களுக்கு வலி தானா வந்தது அதிகம்னு ஜோர்டான்ல 2011-ல எழுதியிருக்காங்க. சர்க்கரை இருக்குறவ டாக்டரக் கேட்டுட்டுத் திங்கணும். அதுக்காக நாலு வாரத்துப் பழத்த இன்னிக்கே முழுங்கிடாத!

வயல்ல நாத்து நட்டுக்கிட்டே பெத்தோம்னு நான் பீத்திக்க மாட்டேன். அப்பச் செத்தவ கணக்கையும் சேத்துல்ல சொல்லணும்? வாய்க்கா கரையோட காலாற நட. வலி வராட்டியும் தூக்கமாச்சும் வரும். இன்னொரு வைத்தியம் இருக்கு, அதுக்கு ஒன் புருஷன் வேணும். பனிக்குடம் உடையாம, நஞ்சு கீழ எறங்காம இருந்தாத் தப்பில்லன்னு டாக்டருங்களே சொல்றாங்க. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டியாந்து அந்த வழிய நம்ம பெரியவங்க அடைச்சுட்டாங்க, நான் என்ன செய்ய?

ராத்திரி இடுப்பு வலிச்சுதுன்னியே, சீரகத்த வறுத்து, கருப்பட்டி தட்டிப் போட்டுக் கஷாயம் வச்சுத் தாரேன். சூட்டு வலின்னா அடங்கும். விட்டு விட்டு வந்து நெருங்கிக்கிட்டே போச்சுன்னா அது நெச வலி.

திருச்சி மலைக்கோட்டைக் கதை தெரியும்ல? காவேரியில வெள்ளம், புள்ளத்தாச்சி ரத்னாவதியோட தாயால ஆத்தத் தாண்ட முடியல. சிவனே தாய் வேஷத்துல வந்து பிரசவம் பாத்தாரு, தாயுமானவர்னு பேரு வாங்குனாரு. அவரே வலி கண்டப்புறம்தாண்டி வந்தாரு. சீக்கிரம் பெறுன்னு எதையும் கலக்கிக் குடுக்கல.

41 வாரம் ஆயிட்டா மருந்து வச்சு வலி வரவைக்கலாம்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. அந்த மருந்து தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியில இருக்கு, ஒன் சித்தி அஞ்சறைப்பெட்டியில இல்ல. அதுக்கு முன்னாடியே தண்ணி உடைஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ, புள்ள அசைவு கொறைஞ்சாலோ, என்னைக் கேக்காத, சீரகத்த அடுப்புல போடாத. 108-க்குப் போனப் போடு.