மாதத்துக்கு ஒரு ஷீட் எதற்கு?

ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு ஷீட்டில் வருகைப் பதிவை வைத்துக்கொண்டு, ஒருவர் வருஷத்தில் எத்தனை நாள் லீவு என்று எக்செல்லிடம் கேட்டால் அது முரண்டு பிடிக்கும். சம் ஃபார்முலா சமர்த்து. ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை கூட்டு என்றால் கூட்டிவிடும். அதே முகவரியை, எண்ணிச் சொல்லும் கவுண்ட்இஃப்பிடம் நீட்டினால், ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் தொடுவேன் என்கிற கிளார்க்கைப் போல '#வேல்யூ!' என்று திருப்பி வீசும். எல்லோரும் அதைத்தான் திட்டுகிறார்கள். குற்றவாளி அதுவல்ல, பக்கத்துக்கு ஒரு மாதம் என்ற காகித ரிஜிஸ்டரைக் கணினிக்குள்ளும் தூக்கிவந்த நாம்தான் என்பது என் கட்சி.

இதற்கு ஊரறிந்த வைத்தியம் ஒன்று உண்டு. ஷீட் பெயர்களைப் பட்டியல் போட்டு, கவுண்ட்இஃப்புக்குள் இண்டைரக்டை நுழைத்து, மேலே சம்ப்ராடக்டைப் போர்த்துவது. விடை வரும், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே பாருங்கள்: இரட்டை மேற்கோள், அதன் வயிற்றில் ஒற்றை மேற்கோள், மறுபடி இரட்டை, கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி. இவ்வளவுக்குப் பிறகும் இண்டைரக்டுக்கு முகவரி என்பது வெறும் எழுத்துதான். ஒருவர் 'ஜூன்' ஷீட்டை 'ஜூன் புதுசு' ஆக்கினால் '#ரெஃப்!' வந்து மானத்தை வாங்கும். அதாவது பரவாயில்லை, தெரிந்துவிடுகிறது. பெயருக்குப் பக்கத்தில் 'பிரிவு' என்று ஒரு நெடுவரிசையைச் செருகிப் பாருங்கள். தேதிகள் ஒரு கட்டம் வலப்பக்கம் நகரும், ஃபார்முலா நகராது. 31-ஆம் தேதி லீவெல்லாம் சத்தமில்லாமல் கணக்கிலிருந்து கழன்றுவிடும். ஊழியருக்கு யோகம், கணக்கு எழுதுகிறவருக்குச் சனி.

தேதி, பெயர், நிலை என்று மூன்று நெடுவரிசையில் வருஷம் முழுவதையும் ஒரே ஷீட்டில் எழுதினால், கவுண்ட்இஃப்ஸ் ஒரு வரியில் விடை சொல்லும். 'ஒரே ஷீட் தாங்குமா?' என்பார்கள். நாற்பது பேருக்கு வருஷத்துக்கு 14,600 வரி. ஒரு ஷீட்டில் இருப்பதோ 10,48,576 வரி. எழுபது வருஷம் எழுதலாம், அதற்குள் நாற்பது பேரும் ஓய்வு பெற்றிருப்பார்கள். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் மட்டும் சேமிக்காதீர்கள். அதன் எல்லை 65,536 வரி. 2020-இல் இங்கிலாந்தில் அந்த எல்லையில் முட்டித்தான் ஏறத்தாழ 16,000 கொரோனா தொற்றாளர்கள் கணக்கில் விட்டுப்போனார்கள். 'மேலதிகாரி மாதாமாதம் தனித்தாள் கேட்பாரே?' கேட்கட்டும். ஃபில்டர் போட்டு அச்செடுத்துக் கொடுங்கள். அவருக்குக் காட்டுவது வேறு, நாம் சேர்த்துவைப்பது வேறு. 'பன்னிரண்டு கிளைகளிலிருந்து பன்னிரண்டு ஷீட் வந்தால்?' இது நியாயமான கேள்வி. எக்செல் 365-இல் விஸ்டாக் என்ற ஃபார்முலா அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கித் தரும். எண்ணுவது அதன்பின் சுலபம். ஆனால் எல்லாக் கிளையும் ஒரே அமைப்பில் அனுப்ப வேண்டும். ஒரு கிளை 'லீவு' என்றும், இன்னொன்று பின்னால் ஓர் இடைவெளி விட்டு 'லீவு ' என்றும் அடித்தால், நம் கண்ணுக்கு ஒன்று, எக்செல்லுக்கு இரண்டு. அதை எந்த ஃபார்முலாவும் தானாக உணராது.

ஆகவே, வரும் ஜனவரி முடிந்து 'பிப்ரவரி' என்று புது ஷீட் திறக்கக் கை போனால், தயவுசெய்து கையை எடுத்துவிட்டு ஜனவரிக்குக் கீழேயே எழுதுங்கள்.