விலை இன்பாக்ஸில்: மறைபொருள் குறித்து ஓர் ஆய்வு

வீட்டிலிருந்தபடியே சேலை விற்கும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களில் சேலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டது எதுவும் கிடையாது. உடல் என்ன நிறம், முந்தியில் என்ன டிசைன், ரவிக்கைத் துணி சேர்ந்து வருமா, முதல் தடவை உப்புத் தண்ணீரில் அலச வேண்டுமா, எல்லாம் இருக்கும். விலை மட்டும் இராது. அந்த இடத்தில் 'விலைக்கு இன்பாக்ஸ் வரவும்' என்றிருக்கும். வாங்குகிறவர்கள் இதைச் சோம்பல் என்கிறார்கள். இக்கட்டுரை அதை வன்மையாக மறுக்கிறது. இது மரபு.

பொள்ளாச்சி முதலான மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் விலையை வாயால் சொல்வதில்லை. கைகளின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, ஒருவர் விரலை மற்றவர் பிடித்தே பேரம் முடிப்பார்கள். சுற்றி நிற்கிறவனுக்கு முகம் தெரியும், மாடு தெரியும், தொகை தெரியாது. அடுத்து வருகிறவனிடம் வேறு விலை சொல்ல இது வசதி. இன்பாக்ஸ் என்பது அந்தத் துண்டுதான். விரல்களும் மாறவில்லை; மாட்டுக்காரர் விரலை விட்டுவிட்டு இப்போது கண்ணாடித் திரையைத் தொடுகின்றன, அவ்வளவே.

ஆனால் ஒரு வேறுபாட்டை நேர்மையாகப் பதிவு செய்தாக வேண்டும். சந்தையில் சுற்றி நிற்பவர்கள் பேசாமல் வேடிக்கை பார்ப்பார்கள். இங்கே கத்துகிறார்கள். ஒரு மாம்பழ மஞ்சள் சேலைக்குக் கீழே வழக்கமாகக் காணக்கிடைப்பவை: 'ப்ரைஸ்?', 'பிபி' (ப்ரைஸ் ப்ளீஸ்), 'எவ்ளோ சிஸ்', மறுபடியும் 'பிபி'. அத்தனைக்கும் ஒரே பதில்: 'இன்பாக்ஸ் பாருங்க சிஸ்'. இதில்தான் சூட்சுமம். கமெண்ட் கூடக்கூட அந்தப் பதிவை இன்னும் பலர் கண்ணில் காட்டுவது இத்தளங்களின் இயல்பு. விலையை எழுதிவிட்டால் கேள்வி வராது. கேள்வி வராவிட்டால் சேலை அடியில் போய் அமுங்கிவிடும். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் சேலையோடு விலைச்சீட்டும் தொங்குகிறது. அங்கே யாரும் 'பிபி' என்று கூவியதாகத் தெரியவில்லை.

இன்னொரு காரணம் இளம்பிள்ளையிலிருந்து வருகிறது. சேலம் அருகே உள்ள அந்த ஊரின் மொத்த வியாபாரி வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போடுவார். அதை ரீசெல்லர் எடுத்துத் தன் லாபத்தைச் சேர்த்துத் தன் குழுவில் போடுவார். அங்கிருந்து இன்னொருவர். படத்தில் இடுப்பில் கை வைத்து நிற்கும் பெண் மாறுவதே இல்லை, விலைதான் மாறுகிறது. ஒரே அடுக்குமாடியில் முதல் மாடிக்கு ஒரு விலை, மூன்றாம் மாடிக்கு ஒரு விலை. இதை வெளிப்படையாக எழுதினால் மாடிப்படியில் என்ன நடக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

'நம்பரை சேவ் பண்ணிட்டு ஒரு ஹாய் அனுப்புங்க' என்ற வேண்டுகோளைச் சிலர் பாசம் என்று எண்ணுகிறார்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் அனுப்புகிறவரின் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். பாசம் அந்தக் கணக்குக்குப் பிறகு வருவது.

உறவுமுறையிலும் ஒரு விதி புலப்படுகிறது. விலை தெரியும்வரை இருவரும் 'சிஸ்'. தெரிந்த மறுநொடி விற்பவர் 'அக்கா' ஆகிவிடுகிறார்: 'கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்கக்கா, ஷிப்பிங்காவது ஃப்ரீயா பண்ணுங்க.' வயது இதில் கணக்கில் வருவதில்லை.

பேரம் முறியும் விதத்தில்தான் சந்தை இன்னும் நாகரிகமானது. அங்கே பிடிக்காதவர் துண்டுக்கடியிலிருந்து கையை உருவிக்கொள்வார், முடிந்தது. இங்கே நீல டிக் விழும். பிறகு 'வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் சிஸ்' என்று வரும். வீட்டில் யாரிடமும் எதுவும் கேட்கப்படுவதில்லை. அந்தச் சேலையைப் போட்டிருந்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். மறுநாள் காலை அதே மாம்பழ மஞ்சள் 'லாஸ்ட் பீஸ், சீக்கிரம் புக் பண்ணுங்க' என்று திரும்ப வரும், அப்போதும் விலை இல்லாமல்.