வருமான வரி இல்லாத ஊருக்குப் போற மாப்ளைக்கு

மாப்ளே, நியூஜெர்சி வீட்டை வித்துட்டு டென்னசிக்குக் கிளம்பப் போறியாமே. உங்க அம்மா போன்ல சொன்னா. "அங்க சம்பளத்துக்கு மாநில வரியே கிடையாதாம் தம்பி"ன்னு சொல்றப்ப அக்கா குரல்ல ஒரு பெருமை. என்னமோ அந்த ஊரு கவர்னர் நேர்ல வந்து வெத்தலை பாக்கு வச்சு உன்னையக் கூப்பிட்ட மாதிரி. சந்தோசம்யா. போயிட்டு வா. அதுக்கு முன்னாடி இந்தக் கிழவன் சொல்றதையும் கொஞ்சம் காதுல போட்டுக்க.

காலமெல்லாம் மளிகைக் கடைக் கல்லாவுல உக்காந்தவன் நான். ஒரு ஊர்ல வரி இல்லைன்னு எவனாச்சும் சொன்னா, அந்த ஊரு மளிகைக் கடைப் பில்லைத்தான் மொதல்ல கேட்டு வாங்கிப் பாப்பேன். ரோடு போடணும், பள்ளிக்கூடம் நடத்தணும், போலீசுக்குச் சம்பளம் குடுக்கணும். இதுக்கெல்லாம் டென்னசியில சாமி வந்து துட்டுக் கொட்டுதா? நீ வாங்குற பால், முட்டை, அரிசி, பருப்பு மேல மாநிலத்துக்கு 4 சதவீதம் எடுத்துக்கிறான். அதுக்கு மேல ஊர்க்காரன் பங்கு. நாஷ்வில்ல 2024 நவம்பர்ல ஓட்டெடுப்பு வச்சு, பஸ் வசதிக்குன்னு அரை சதவீதம் கூட்டிக்கிட்டாங்க. ஊர்ப்பங்கு 2.75 ஆயிருச்சு. ஆக, நீ சாம்பாருக்கு வாங்குற வெண்டைக்காய்க்கு 6.75 சதவீதம் வரி. நீ வேண்டாம்னு விட்டுட்டு வர்ற நியூஜெர்சியில வெண்டைக்காய்க்கு வரியே கிடையாது. அமெரிக்காவுல முக்கால்வாசி மாநிலம் சமைக்கிற சாமானுக்கு வரி போடுறதில்லைங்கிறது உனக்கே தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சிருக்காது. நீ எங்க பில்லைப் படிச்சே, கார்டைத் தேச்சுட்டு வந்துருவே.

பயந்துராத. கணக்குப் போட்டா உனக்கு லாபந்தான். புருசனும் பொஞ்சாதியுமாச் சேந்து வருசம் 1,50,000 டாலர் சம்பாதிக்கிறீங்கன்னு வச்சுக்குவோம். நியூஜெர்சி வருமான வரி சுமாரா 5,500 டாலர் வரும். நாஷ்வில்ல மாசம் 1,000 டாலருக்கு மளிகை வாங்குனாலும், அதுமேல வருசத்துக்கு 810 டாலர்தான் வரி. வருமானத்துல அரை சதவீதம். அதுபோக நியூஜெர்சியில சராசரி வீட்டு வரி வருசம் 10,000 டாலரைத் தாண்டியாச்சு, டென்னசியில அந்தத் தொந்தரவும் கம்மி. நீ போகலாம், கெத்தாப் போகலாம்.

இப்ப அதே கடையில உன் சாமானை எடுத்துப் பையில போட்டுக் குடுக்குற பொம்பளையைப் பாரு. வருசத்துக்கு 30,000 டாலர் சம்பளம்னு வையி. ரெண்டு பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட மாசம் 600 டாலர் மளிகைக்குப் போகுது. அவ கட்டுற வரி 486 டாலர். வருமானத்துல ஒண்ணரை சதவீதத்துக்கும் மேல. உன்னைய மாதிரி மூணு பங்கு பாரம். வருமான வரி இல்லைங்கிற சலுகை அவளுக்கும் உண்டுல்லன்னு கேப்பே. உண்டு மாப்ளே. இம்புட்டுச் சம்பளத்துக்கு நியூஜெர்சியில போட்டாலும் அது ஐநூறு டாலரைத் தொடாது. பிள்ளைக்குன்னு குடுக்குற சலுகையில அதுவும் முழுசாத் திரும்பி வந்துரும். அதனால டென்னசிக்காரன் உனக்கு விட்டுக் குடுத்ததை அவ கிட்டதான் வசூல் பண்றான். நீ அடுத்த தடவை கடைக்குப் போறப்ப ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டு வா. எதுக்குன்னு அவளுக்குப் புரியாது, சிரிச்சுட்டு விட்டுருவா.

இந்த விளையாட்டை ஒரு மாநிலம் முழுசா ஆடிப் பாத்திருக்கு. கன்சாஸ். நீ கட்டிக்க மாட்டேன்னு சொன்னியே நம்ம செல்வி, அவ இருக்கிற மாநிலந்தான். அவ நல்லாத்தான் இருக்கா, நீ ஒண்ணும் கவலைப்பட வேண்டாம்.

அங்க 2012ல சாம் பிரவுன்பேக்னு ஒரு கவர்னர். வருமான வரியைக் குறைச்சா தொழில் பொங்கி வழியும்னு சொல்லிக் குறைச்சார். அதுலயும் பார்ட்னர்ஷிப்பு, சின்னக் கம்பெனின்னு தொழில் காட்டுறவங்க லாபத்துக்கு மாநில வருமான வரியே வேண்டாம்னுட்டார். அதே சட்டத்துல இன்னொரு வேலையும் நடந்துச்சு. ஏழைபாழைக்கு மளிகை வரியில கொஞ்சம் திருப்பிக் குடுத்துக்கிட்டிருந்தாங்க, அதை நிறுத்திட்டாங்க. கூச்சல் வந்த பெறகு மறு வருசம் வேற வேசத்துல கொண்டாந்தாங்க: நீ கட்ட வேண்டிய வருமான வரியில அதைக் கழிச்சுக்கலாம். சரி, வரி கட்டுற அளவுக்கு வருமானமே இல்லாதவன் எதுல போயிக் கழிப்பான்? இந்த மாதிரி எழுதுறதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்க மாப்ளே.

தொழில் பொங்கலை. கஜானாதான் வத்துச்சு. 2015ல சில ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பணமில்லாம முன்கூட்டியே பூட்டி, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புனாங்க. அதே வருசம் ஓட்டையை அடைக்க விற்பனை வரியை 6.15ல இருந்து 6.5 சதவீதமா ஏத்துனாங்க. அரிசி பருப்புக்கும் அதே வரிதான். முதலாளிக்கு ரத்து, முட்டைக்கு ஏத்தம். கடைசியில 2017ல அவர் கட்சிக்காரங்களே அவர் தடுத்தும் மீறி அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிஞ்சாங்க. பெறகு லாரா கெல்லின்னு ஒரு அம்மா கவர்னரா வந்து, 2023ல மளிகை வரி 4, 2024ல 2, 2025 பொறந்தப்ப சுழின்னு இறக்கிக் காட்டுச்சு. ஊர்க்காரனும் கவுண்டிக்காரனும் போடுறது மட்டும் இன்னும் இருக்கு.

செல்வி வீட்டுப் பக்கம் ஒரு ரோடு. பேரே ஸ்டேட் லைன் ரோடு. இந்தப் பக்கம் கன்சாஸ், அந்தப் பக்கம் மிசௌரி. மிசௌரியில சாப்பாட்டுச் சாமானுக்கு மாநில வரி 1.225 சதவீதந்தான். இந்தப் பக்கத்து ஆளுக அந்தக் காலத்துல வண்டியைத் திருப்பிக்கிட்டு ரோட்டைத் தாண்டிப் போயி வாங்கிட்டு வருவாங்களாம். கார் இருக்கிறவன் தாண்டுனான். இல்லாதவன் முக்குக் கடையில முழு வரியும் கட்டுனான்.

மிசிசிப்பி கதை இன்னும் ருசி. அமெரிக்காவுல ஏழை மாநிலம்னா மொதல்ல வாயில வர்ற பேரு அது. 2025 வரைக்கும் மளிகைக்கு 7 சதவீதம், மாநிலம் போடுற வரியில நாட்டுலயே அதுதான் உசரமா இருந்துச்சு. 2025ல அங்க வருமான வரியையே ஒழிக்கணும்னு சட்டம் போட்டாங்க. கீழ்ச் சபைக்காரனுக்கு அவசரம். மேல் சபைக்காரனுக்குப் பயம். மிச்சப் பணம் நல்லாப் பெருகுனாத்தான் அடுத்தடுத்த குறைப்புன்னு ஒரு பூட்டுப் போட்டு எழுதுனான். எழுதுறப்ப 85 சதவீதம்னு போட வேண்டிய எடத்துல ஒரு புள்ளி விழுந்து 0.85 சதவீதம் ஆகிப்போச்சு. பூட்டு இருக்கு, சாவி பூட்டுலயே தொங்குது. கீழ்ச் சபைக்காரன் பாத்தான், ஒண்ணுமே சொல்லாம அப்படியே ஓட்டுப் போட்டு அனுப்பிட்டான். கவர்னர் டேட் ரீவ்ஸ் கையெழுத்தும் போட்டாச்சு. என் கடையில ஒரு பையன் கணக்குச் சிட்டையில இப்படிப் புள்ளி வச்சிருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

நியாயத்தையும் சொல்லணும். அதே சட்டத்துல மளிகை வரியை 7ல இருந்து 5 ஆக்குனாங்க. பெட்ரோலுக்கு மூணு வருசத்துல ஒம்பது சென்ட் ஏத்துனாங்க. வாய்க்கால்ல இந்த மடையை அடைச்சா அந்த மடையில தண்ணி. இல்லினாயும் இந்தக் கதைதான். 1 சதவீத மளிகை வரியை 2026 ஜனவரியோட மாநிலம் எடுத்துட்டுப் போச்சு. வேணும்னா ஊர்க்காரனே போட்டுக்கிடலாம்னும் சொல்லிட்டுப் போச்சு. நூத்துக்கணக்கான ஊரு அதே 1 சதவீதத்தைத் தானே போட்டுக்கிருச்சு.

அலபாமாவைப் பத்தி நம்ம கரிசக்காட்டு ஆளுக்குச் சொல்லவே வேண்டாம், கேட்டவுடனே புரியும். அங்கயும் பருத்திக்காடு. 1901ல காட்டு முதலாளிங்க உக்காந்து அரசியல் சட்டம் எழுதுனாங்க. எழுதுறப்பவே நிலத்து வரி இதுக்கு மேல போகக் கூடாதுன்னு அரசியல் சட்டத்துலயே முட்டுக்கட்டை போட்டுக்கிட்டாங்க. இன்னைக்கும் வீட்டு வரி, நிலத்து வரி நாட்டுலயே கம்மியா இருக்கிற மாநிலத்துல அதுவும் ஒண்ணு. ஆயிரக்கணக்கான ஏக்கர் காட்டுக்குக் கம்மி வரி. காட்டுல மரம் வெட்டுறவன் வாங்குற ரொட்டிக்கு? நெடுங்காலம் 4 சதவீதம், ஊர்வரி தனி. 2023ல 3 ஆச்சு, 2025 செப்டம்பர்ல 2 ஆச்சு. எழுதுன பேனா யார் கையில இருந்துச்சுன்னு பாத்தாப் போதும் மாப்ளே, வரி யாரு தலையில விழும்னு ஜோசியக்காரனைக் கேக்க வேண்டியதில்லை.

அப்ப மளிகை வரி வச்சிருக்கிறவன் எல்லாம் பாவியான்னு கேப்பே. நீ படிச்சவன், அப்படித்தான் கேப்பே. கஜானாவைக் காக்குறவனுக்கும் ஒரு நியாயம் இருக்கு. வருமான வரி சந்தை ஏறுனா ஏறும், சரிஞ்சா சரியும். வயிறு அப்படி இல்லை. வேலை போன மாசமும் பசிக்கும், அன்னைக்கும் அரிசி வாங்கித்தான் ஆகணும். அதனால பஞ்ச காலத்துலயும் துட்டு வந்துக்கிட்டே இருக்கும். கஜானாவுக்கு அது ஆறுதல், வாங்குறவனுக்கு அதுவே வினை.

வீட்டு வரியும் யோக்கியம் இல்லை. அது உன் வருமானத்தைக் கேக்காது, வீட்டு விலையைத்தான் கேக்கும். நாப்பது வயசுல வாங்குன வீட்டுல எழுபது வயசுல உக்காந்திருக்கிற கிழவிக்கு, சுத்தி விலை ஏறுனா வரியும் ஏறும். செவுத்தைப் பேத்தா வரி கட்டுவா? கலிபோர்னியாக்காரன் 1978லயே இதுக்குக் கோபப்பட்டு, வீடு கை மாறுற வரைக்கும் மதிப்பு வருசத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏறக் கூடாதுன்னு ஓட்டுப் போட்டான். இப்ப அங்க ஒரே தெருவுல, ஒரே மாதிரி ரெண்டு வீடு, பழைய ஆளு கட்டுறதும் புது ஆளு கட்டுறதும் மலைக்கும் மடுவுக்கும். டெக்சாஸ்ல வருமான வரியும் இல்லை, மளிகை வரியும் இல்லைன்னு குதிப்பாங்க. வீட்டு வரி நோட்டீசு வர்ற அன்னைக்குப் பேச்சைக் காணோம்.

ஐடஹோக்காரன் ஒரு தந்திரம் பண்றான். அது எனக்குப் பிடிச்சிருக்கு. மளிகைக்கு 6 சதவீதம் முழுசா வாங்கிக்கிறான். வருசம் முடிஞ்சதும் தலைக்கு 155 டாலர் திருப்பிக் குடுக்குறான். பணக்காரன் வாங்குற வெளிநாட்டு மீனுக்கு எதுக்கு வரிவிலக்குங்கிற கேள்விக்கு அதுல பதில் இருக்கு. ஆனா ஃபாரம் எழுதிப் போட்டாத்தான் துட்டு. கேக்கத் தெரிஞ்சவனுக்குக் கெடைக்கும், வேலையிலயே வருசம் ஓடிப்போறவனுக்குக் கெடைக்காது. அரசாங்கம் குடுக்குற உணவு உதவிக் கார்டுல வாங்குனா எந்த மாநிலமும் வரி போடக் கூடாதுன்னு டெல்லி மாதிரி மேல இருக்கிற வாஷிங்டன் சட்டம் வச்சிருக்கு. அது பரவாயில்லை. அந்தக் கார்டுக்கு வச்சிருக்கிற வருமான வரம்பை விட அம்பது டாலர் கூடச் சம்பாதிச்சுட்டவன் பாடுதான் திண்டாட்டம்.

ஜனங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. தெற்கு டகோட்டாவுல மளிகை வரி 4.2 சதவீதம், வருமான வரி கிடையாது. 2024ல மளிகை வரியை எடுத்துரலாமான்னு அவங்களையே கேட்டாங்க. மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஆளுக வேண்டாம்னுட்டாங்க. இதை எடுத்தா அடுத்து வருமான வரி வந்துரும், ஊர்ப் பஞ்சாயத்துக்குத் துட்டு இருக்காதுங்கிற பயம். தெரிஞ்ச பேயி தேவலைங்கிற நெனப்பு.

வரி போடுறவன் புத்திசாலித்தனத்துக்கும் ஒரு சாட்சி சொல்லிடுறேன். பல மாநிலத்துல சாப்பாட்டுக்கு விலக்கு, மிட்டாய்க்கு முழு வரி. எது மிட்டாய்? மாவு சேந்தா மிட்டாய் இல்லையாம். அதனால கிட்கேட் சாப்பாடு, வெறும் சாக்லேட் கட்டி மிட்டாய். உன் மக கிட்ட சொல்லிராத, ராத்திரிச் சோத்துக்குப் பதிலா கிட்கேட் கேப்பா. சட்டமே அவ பக்கம் இருக்கு.

சரி, டென்னசிக்காரன் 2014லயே சம்பளத்துக்கு வரி போடக் கூடாதுன்னு அரசியல் சட்டத்துல எழுதிட்டான். வட்டி, டிவிடெண்டு மேல இருந்த பழைய வரியும் 2021ல செத்துப் போச்சு. ஆக, நீ தைரியமாச் சாமானைக் கட்டு. உனக்கு அங்க ஓட்டும் இல்லை, அதனால உன் யோசனையை எவனும் கேக்கப் போறதில்லை. ஒரே ஒரு சேதி மட்டும் விசாரிச்சு வையி. 2023ல ஆகஸ்டுல இருந்து அக்டோபர் வரைக்கும் மூணு மாசம் அங்க மளிகை வரிக்கு லீவு விட்டாங்க. அந்த மாதிரி மறுபடியும் விடுறாப்புல இருந்தா முன்கூட்டியே சொல்லு, உங்க அத்தையையும் விசா எடுத்துக் கூட்டிட்டு வாரேன். அவ லிஸ்ட்டு எழுத ஆரம்பிச்சா மூணு மாசம் பத்தாது.